பர்மனென்ட் சாட்சி

"பை என்ன கலரு?"

"பச்சை."

"வெறும் பச்சையில்லீங்க, கிளிப்பச்சை. கைப்பிடி அந்து போய் முடிச்சுப் போட்டிருந்துச்சு." காய் நறுக்கிக்கொண்டே திருத்தினாள் வளர்மதி.

குவார்ட்டர்ஸ் சமையலறை வாசலில், பரீட்சைக்குப் போகிறவர் போல நின்றிருந்தார் அவள் கணவர் கோபாலகிருஷ்ணன். சுரங்கத்தில் ராட்சத இயந்திரத்தையே ஓட்டுகிறவருக்கு, கோர்ட் என்றதும் நாக்கு ஒட்டிக்கொண்டது.

இரண்டு வருடத்துக்கு முன், குவார்ட்டர்ஸுக்கு எதிரே உள்ள பஸ் ஸ்டாப்பில் குண்டு வெடித்தது. ஒரு கல்லூரி மாணவி இறந்துபோனாள். பழ வியாபாரி ஜாபர் அலிக்கு ஒரு கால் போயிற்று. குண்டுப் பையை வைத்தது சிங்காரவேல்தான் என்று சொல்ல, நேரில் பார்த்த சாட்சி ஒன்றே ஒன்றுதான். அது சொதப்பினால் அவன் விடுதலை.

"பயப்படாதீங்க சார். பர்மனென்ட் ஸ்டாஃப் வந்து சொன்னா கோர்ட்ல மறுபேச்சு கிடையாது" என்று இன்ஸ்பெக்டர் அப்போதே முதுகில் தட்டியிருந்தார்.

கோர்ட் வாசலில் ஜாபர் அலி ஊன்றுகோலோடு வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்களைத்தான் சார் மலை மாதிரி நம்பிக்கினு இருக்கேன்."

"கவலைப்படாதீங்க பாய்" என்று சொல்லிக் கையை மெல்ல உருவிக்கொண்டார் கோபாலகிருஷ்ணன்.

அரசு வக்கீல் கேட்டதற்கெல்லாம் பதில் தடங்கலின்றி வந்தது. சாயங்காலம் ஆறு மணி, பால்கனி, கிளிப்பச்சைப் பை, சிங்காரவேலின் முகம். ஜாபர் அலி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எதிர்த்தரப்பு வக்கீல் சிரித்த முகத்தோடு எழுந்தார்.

"மைன்ஸ்ல எத்தனை வருஷ சர்வீஸ் சார்?"

"இருபத்தெட்டு."

"அடேயப்பா! அடிக்கடி மட்டம் போடுவீங்களோ?"

"நானா? சொல்லாம கொள்ளாம ஒரு ஷிப்ட் விட்டதில்லீங்க!"

"குண்டு வெடிச்ச வாரம் பாதிப்பேர் பயந்துபோய் லீவு போட்டாங்களாமே?"

"போட்டிருப்பாங்க. நான் ஒரு நாள்கூடப் போடலை. வாரம் பூரா செகண்ட் ஷிப்ட்."

"செகண்ட் ஷிப்ட்னா?"

"மத்தியானம் ரெண்டுலேர்ந்து ராத்திரி பத்து..."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சிங்காரவேலும் சிரித்தான்.

நீதிபதி அரசு வக்கீல் பக்கம் திரும்பினார். "ஆறு மணிக்கு இவர் சுரங்கத்துக்குள்ள இருந்திருக்கார். இதைக்கூடவா யாரும் விசாரிக்கலை? அப்ப நேர்ல பார்த்தவங்கன்னு ஒருத்தருமே இல்லையா?"

அரசு வக்கீல் இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் தன் பூட்ஸைப் பார்த்தார். ஜாபர் அலி இருந்த பக்கம் திரும்பவே கூசியது கோபாலகிருஷ்ணனுக்கு. கூண்டுக் கட்டையைப் பிடித்தபடி தலையைத் தொங்கப்போட்டார்.

பின்வரிசையில் வளர்மதி எழுந்து நின்றாள்.

"வீட்டுல சும்மா இருக்கறவ சாட்சி எடுபடாதுன்னு இவரை நிக்க வெச்சாங்க ஐயா. பார்த்தது நான்!"