தட்டில் இருப்பவர்

"தம்பி, போன வாரத்தைவிட இன்னும் நீண்டிருக்காரு பாரேன்!"

நுண்ணோக்கியில் ஒரு கண்ணை வைத்து, மற்றொரு கண்ணை இறுக மூடிக்கொண்டு சொன்னாள் அவள். ஆய்வகத் தம்பி கையுறையைச் சரிசெய்தான். தம்பி என்றால் சின்னப் பையன் இல்லை, பாதித் தலை நரைத்தவன். தன்னைவிட இரண்டு வயது இளையவன் என்று தெரிந்த அன்றே அவனைத் தம்பியாக்கிவிட்டாள்.

பேருந்து நிலையத்தில் டிக்கெட் கவுண்டர் வேலை அவளுக்கு. வியாழக்கிழமை காலை ஷிஃப்ட் முடிந்ததும் சீருடையோடு இங்கே ஓடி வந்துவிடுவாள். பதினைந்தே நிமிடம்தான். அதற்குமேல் சூட்டுப் பெட்டிக்கு வெளியே வைத்தால், செல் வளரும் கண்ணாடித் தட்டு ஆறிப்போகும் என்பது தம்பியின் கண்டிப்பு.

அவள் கணவர் இறந்து எட்டு மாதம் ஆகிறது. நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போகும் வியாதி. அவர் படுக்கையில் இருந்தபோது, ஆராய்ச்சிக்கு வேண்டுமென்று கையிலிருந்து மிளகளவு தோல் எடுத்தார்கள். அதிலிருந்து நரம்புச் செல்களை வளர்த்து, எந்த மருந்துக்கு எது வளர்கிறது என்று பார்ப்பதுதான் இந்த ஆய்வகத்தின் வேலை. அவர் போன பிறகு ஒரு நாள் அவளே போன் செய்து, "அவரோடது இன்னும் உங்ககிட்ட இருக்கா?" என்று கேட்டாள். "நேர்ல வாங்கக்கா" என்றான் தம்பி. அன்றிலிருந்து ஒரு வியாழன்கூடத் தவறியதில்லை.

"என்னங்க, ஹால் ஃபேன் கிறீச் கிறீச்னு கத்துது" என்று கருவிக்குள் பேசினாள். அவர் எலக்ட்ரீஷியன். "உங்களுக்குப் பத்து நிமிஷ வேலை. வேற ஆளைக் கூப்பிட மனசே வரலை. கத்தட்டும்னு விட்டுட்டேன்."

தம்பி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"ஏன் தம்பி, யாரைத் தேடி இப்படிக் கையை நீட்டுறாரு?"

"பக்கத்துல இன்னொரு செல் இருந்தா அதைத் தொடப் போகும்க்கா."

"இல்லைன்னா?"

"தேடிக்கிட்டே இருக்கும்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. "நல்ல கதை! உயிரோட இருந்தப்ப அலமாரியில இருக்கிற சட்டையைக்கூடத் தேட மாட்டாரு. எங்க எங்கன்னு என் உயிரை வாங்குவாரு. இப்பதான் பொறுப்பு வந்திருக்கு."

அந்த 'எங்க எங்க'வை இன்னொரு முறை கேட்க மாட்டோமா என்றிருந்தது அவளுக்கு. கருவியிலிருந்து முகத்தை எடுத்து, ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"இது மருந்து ஊத்தின தட்டுதானே தம்பி?"

"ம்."

"அப்போ மருந்து வேலை செய்யுது."

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"முதல்ல ஸ்க்ரூடிரைவர்தான் அவர் கையிலிருந்து நழுவிச்சு. அப்புறம் பாட்டில் மூடி திறக்க வரலை. நான் என்ன சொன்னேன் தெரியுமா? 'ராத்திரி பகலா போனை நோண்டினா விரல் தேயாம என்ன செய்யும்'னு கேலி பண்ணினேன். அவரும் சிரிச்சாரு. எலும்பு டாக்டர் கழுத்துல பட்டை மாட்டிவிட்டாரு. இன்னொருத்தர் சத்து மாத்திரை குடுத்தாரு. மூணாவது ஆளு, மனக்கவலைன்னுட்டாரு. ரெண்டு வருஷம் நாலு மாசம் இப்படியே ஓடிப் போச்சு. கடைசியில பெரிய டாக்டர் என்னைப் பார்த்து, 'கொஞ்சம் முன்னாடியே வந்திருந்தா'ன்னு ஆரம்பிச்சு, பாதியிலயே நிறுத்திட்டாரு."

"அக்கா..."

"மீதியை இந்தத் தட்டு சொல்லுது தம்பி. செத்த மனுஷனோட நரம்பு இந்தப் போடு போடுதுன்னா, முன்னாடியே இந்த மருந்து கிடைச்சிருந்தா எழுந்து நடந்திருக்க மாட்டாரா? பார்க்காம இருக்க முடியலைன்னுதான் வரேன். ஆனா வாரா வாரம் இவர் வளர வளர, நான் செஞ்ச தப்பும் கூடவே வளருது. நான் கேலி பண்ணிப் பண்ணியே அவரைக் கொன்னுட்டேன்."

கண்களைத் துடைத்துக்கொண்டு பையை எடுத்தாள். "இனிமே நான் வரலை. இவர்கிட்ட மன்னிப்பு கேட்டுக் கேட்டு ஓய்ஞ்சு போயிட்டேன். நீயே பார்த்துக்கோ."

அவள் கதவுவரை போய்விட்டாள். தம்பி கையுறைகளைக் கழற்றி மேஜைமேல் போட்டான். அவன் முகம் வெளிறியிருந்தது.

"உட்காருங்கக்கா. உங்க மேல ஒரு தப்பும் இல்லை. இருக்கிற மருந்தெல்லாம் ஊத்திப் பார்த்தோம். அவரோட செல் எதுக்கும் ஒரு மயிரிழைகூட வளரலை."

"வளரலையா? கண்ணால பார்த்துட்டுத்தானே வரேன்!"

"அவரோடது மருந்து ஊத்தின ரெண்டாவது வாரமே செத்துப் போச்சுக்கா. நேர்ல சொல்லலாம்னுதான் அன்னைக்கு உங்களை வரச் சொன்னேன். நீங்க வந்ததும் வராததுமா கருவியில இருந்த இந்தத் தட்டைப் பார்த்து, 'இவர்தானே'ன்னு கேட்டுட்டீங்க. உங்க முகத்தைப் பார்த்து இல்லைன்னு சொல்ல எனக்கு வாய் வரலை."

பை அவள் கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது.

"அப்போ... இது யாரு தம்பி?"

"ஒப்பிட்டுப் பார்க்க வியாதி இல்லாதவங்க தோலும் வேணும்னு, அன்னைக்கு அவர் பக்கத்துல உட்கார்ந்திருந்த உங்க கையிலயும் கொஞ்சம் எடுத்தோமே, மறந்துட்டீங்களாக்கா?"