சம்பந்தி விருந்து

"அப்பா, சாப்பிட்டு முடிஞ்ச உடனே பில் கொண்டு வாங்கோ எண்டு கேட்டுப்போடாதேங்கோ. இஞ்ச மேசைக்குப் பில் கொண்டு வாறது, எழும்பிப் போ எண்டு சொல்லுற மாதிரி. மற்ற நாளிலயெண்டால் நாங்களே போய்க் கவுண்டரில குடுக்கிறது. இண்டைக்கு அதுவும் செய்யாதேங்கோ. அவை கூப்பிட்டுத்தானே வந்திருக்கிறம்."

கோட்-டெ-நெய்ஜ் தெருவில் அந்த வியட்நாம் சாப்பாட்டுக் கடையின் வாசலில் நின்று வினோஜா சொன்னாள். சண்முகலிங்கம் தலையாட்டினார். கதவில் 'கடை மூடப்பட்டுள்ளது' என்ற பலகை தொங்கியது. உள்ளே விளக்கு எரிந்தது.

"வேற என்ன பிள்ளை?" என்று கேட்டாள் ஜெயமதி, அவருடைய மனைவி.

"வயசில குறைஞ்ச ஆள்தான் மற்ற எல்லாரையும் 'சாப்பிடுங்கோ' எண்டு கூப்பிட வேணும். அதுக்குப் பிறகுதான் கை வைக்கிறது. உங்கட கிண்ணத்தில அவை ஏதும் எடுத்துப் போட்டால் வேண்டாம் எண்டாதேங்கோ அம்மா."

"உனக்கு எப்பிடி இவ்வளவும் தெரியும்?" என்றார் சண்முகலிங்கம்.

வினோஜா தன் சப்பாத்தைப் பார்த்தாள். "அண்ணாவோட கனதரம் வந்திருக்கிறன்."

மகன் றஜிந்தன் தங்கையையும் இங்கே கூட்டிவந்தது அவருக்கு இன்றுதான் தெரியும். இந்தக் கடைக்காரரின் மகள் துயெனை அவன் விரும்புகிறான் என்று அறிந்த அன்று, ரொக்ஸ்பரோவிலுள்ள தங்கள் வீட்டுக் குசினியில் நின்று அவர் கத்தியிருந்தார். "சீனாக்காரியைக் கொண்டுவந்து மருமகள் எண்டால் சனம் சிரிக்கும். நான் உயிரோட இருக்குமட்டும் இது நடக்காது!"

"சீனா இல்லை அப்பா, வியட்நாம்" என்றான் அவன். அவ்வளவுதான். பிறகு அந்தப் பேச்சை அவன் வீட்டில் எடுக்கவே இல்லை.

நேற்று அந்தப் பெண்ணின் தகப்பன் தானாகவே போன் எடுத்து, மூன்று பேரையும் சாப்பிட வரச் சொன்னார். மாட்டேன் என்று சொல்ல சண்முகலிங்கத்துக்கு வாய் வரவில்லை.

கதவைத் திறந்தவர் அந்தத் தகப்பன், துவான். அவரும் தன் வயதுக்காரர்தான் என்று சண்முகலிங்கம் நினைத்தார். துவான் குனிந்து வணங்கினார். இவர் கைகூப்பினார். இரண்டு பேருக்கும் அதற்கு மேல் என்ன செய்வதென்று தெரியவில்லை. துவானின் மனைவி லான், தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டுக் கிண்ணங்களைக் கொண்டுவந்து வைத்தாள். சூப்பில் நூடில்ஸ், தோபு, காளான். மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் இல்லை. சண்முகலிங்கம் குச்சியைப் பிடிக்கத் திணறுவதைப் பார்த்து, ஒரு முள்ளுக்கரண்டியை அவர் பக்கத்தில் வைத்தாள்.

எல்லோரும் காத்திருந்தார்கள். வினோஜா மெல்ல, அவர்களுடைய மொழியிலேயே, ஒவ்வொருவராக முறை சொல்லிச் சாப்பிட அழைத்தாள். துவான் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த மேசையில் வழக்கமாக அதைச் சொல்பவள் துயென்.

துவான் பிரெஞ்சில் பேசினார். வினோஜா தமிழில் சொன்னாள்.

"சனிக்கிழமை காலமை மண்டபம் கிடைச்சிருக்காம். ரெண்டு பக்கச் சனமும் இருக்க இடம் காணுமாம்."

"சனிக்கிழமை நல்லது" என்றார் சண்முகலிங்கம். "ஐயரோட நான் கதைச்சிட்டன். அவையின்ர முறையும் இருக்கும்தானே? ஆர் முதல் எண்டு கேள்."

"உங்கட ஐயர் முதல் செய்யட்டுமாம். பேந்து தங்கட பிக்கு வருவாராம். துயென் உங்கட வீட்டுப் பிள்ளையா இருக்கத்தான் ஆசைப்பட்டவவாம். அதாலை எல்லாம் உங்கட விருப்பமாம்."

எல்லாம் என் விருப்பம்! சண்முகலிங்கம் கரண்டியைக் கீழே வைத்தார்.

"ரெண்டு பேரின்ர விருப்பப்படியும் செய்வம் எண்டு சொல்லு" என்றார். "அவர் சொல்லுறதுக்கு எனக்கு மறுப்பில்லை எண்டு சொல்லு."

லான் எழுந்து வந்து ஜெயமதியின் பக்கத்தில் உட்கார்ந்து, அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ கேட்டாள். வினோஜா தாயிடம் திரும்பினாள்.

"துயெனுக்குச் சேலை கட்டச் சரியான விருப்பமாம் அம்மா. தனக்கு உடுத்திவிடத் தெரியாதாம். நீங்கள் வந்து உடுத்திவிடுவீங்களோ எண்டு கேக்கிறா."

"விடியவே வாறன் எண்டு சொல்லு" என்றாள் ஜெயமதி. பிறகு, கணவரைப் பார்க்காமலே, "கூறைச்சேலை என்னட்டை இருக்கு. போன வருஷமே அந்தப் பிள்ளைக்கெண்டு எடுத்து வைச்சனான்" என்றாள்.

சண்முகலிங்கம் மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

அவருடைய சூப் ஆறிப்போயிருந்தது. துவான் அதை எடுத்துக்கொண்டு உள்ளே போய், ஆவி பறக்க வேறொன்று கொண்டுவந்து வைத்தார். வைத்துவிட்டு ஒரு சொல் சொன்னார். வினோஜா தயங்கினாள்.

"என்னவாம்?"

"சாப்பிடுங்கோ... சம்பந்தி எண்டு சொல்லுறார் அப்பா."

சண்முகலிங்கம் அந்தக் கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "கடையையும் பூட்டிப்போட்டு, எங்களுக்கெண்டு ஏன் இவ்வளவு பாடுபடுகினம்? இந்த நேரத்தில அவைக்கும் ஏலாதுதானே. கேள் பிள்ளை."

வினோஜா கேட்டாள். துவான் நிதானமாகப் பதில் சொன்னார். அதை அவள் தமிழில் சொன்னாள்.

"செத்தவீடு முடியுமட்டும் தமிழாக்களின்ர வீட்டில அடுப்பு மூட்டமாட்டினம் எண்டு அண்ணா ஒருக்கா இவருக்குச் சொன்னவராம். நீங்கள் பட்டினி கிடப்பியள் எண்டுதான் கூப்பிட்டவராம்."

பனியில் சறுக்கி லொறியோடு மோதிய காருக்குள் சேர்ந்து இருந்த றஜிந்தனையும் துயெனையும், சனிக்கிழமை அந்த மண்டபத்தில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பெட்டிகளில் வைக்கப் போகிறார்கள்.