ஒற்றைக்கால் வீக்கம்

“சார், உங்க இடது காலு வீங்கியிருக்குது, பாத்தீங்களா?”

விருத்தாசலத்தில் கடலூர் பஸ் கிளம்பியதும், பக்கத்து வரிசை சீட்டில் இருந்தவரிடம் வாசுகி கேட்டாள். அவருக்கு அறுபது வயதிருக்கும். வலது காலில் ஷூ, இடது காலில் ரப்பர் செருப்பு.

“உன் வேலையைப் பாரும்மா” என்று அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பெரியம்மாள் முழங்கையால் இடித்தாள். “கண்டவங்க காலெல்லாம் உனக்கு எதுக்குடி? பேசாம புளிசாதத்தத் தின்னு.”

பெரியம்மாள் பக்கத்து வீட்டுக்காரி. துணைக்கு வருவதாகத்தான் சொன்னாள். ஆனால் வெறும் துணைக்கு யாரும் பட்டுப்புடவை கட்டுவதில்லை. கடலூர் கோர்ட்டில் நடப்பதை முதல் ஆளாகத் தெருவுக்குச் சொல்லியாக வேண்டும்.

வாசுகியின் கணவன் செராமிக் கம்பெனியில் சூளை வேலை பார்த்தவன். கால் வீங்கிப் போனபோது, சுளுக்கு என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார் ஒரு டாக்டர். காலில் கட்டியிருந்த ரத்தம் நுரையீரலுக்கு ஏறி, அந்த வாரமே ஆள் போய்விட்டான். வாசுகி நுகர்வோர் கோர்ட்டுக்குப் போனாள். தெருவில் பாதிப் பேர் அவளுக்குப் பணத்தாசை என்றார்கள். மீதிப் பேர் தங்கள் கால்களைத் தடவிப் பார்த்துக்கொண்டார்கள். அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். அந்த டாக்டர் நாலு பேர் முன்னால் வாயைத் திறந்து பதில் சொல்ல வேண்டும்.

மந்தாரக்குப்பம் தாண்டியதும் மறுபடி ஆரம்பித்தாள்.

“வலிக்குதா சார்?”

“ரெண்டு நாளா ரயில்ல உக்காந்தே வந்தேன். அதான்.”

“மூச்சு வாங்குதே?”

“பஸ்ஸப் புடிக்க ஓடியாந்தேன்.”

“எங்க வூட்டுக்காரரும் வெயில்ல நடந்தேன், அதான்னாரு. மறுநாளு ஆளு இல்ல. ஒரு காலு மட்டும் வீங்குனா ரத்தம் கட்டியிருக்கும் சார். ஸ்கேன் எடுத்துடுங்க.”

அவர் குனிந்து கெண்டைக்காலை அழுத்திப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

“நெய்வேலில எறங்குவோம். ஆஸ்பத்திரிக்கு நானும் வரேன்” என்று வாசுகி அவருடைய பையை எடுத்துக்கொண்டாள். அவரும் மறு பேச்சில்லாமல் எழுந்தார்.

பெரியம்மாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. புருஷனை இழந்தவள், யாரோ ஓர் ஆம்பளை, கையில் அவர் பை! தெருவுக்கு இதுவே ஒரு மாசத்துக்குத் தாங்கும். ஆனாலும் கோர்ட்டை விட மனசில்லை.

“அடியே, இன்னிக்குக் குறுக்கு விசாரணைடி! நீ போவலன்னா அந்த டாக்டரு தப்பிச்சிடுவான்!”

கண்டக்டர் விசில் அடித்தார். வாசுகி பெரியவரைக் கைத்தாங்கலாகப் படியில் இறக்கிவிட்டுத் திரும்பினாள்.

“இப்படியே வுட்டாத்தான்க்கா தப்பிச்சிடுவாரு. இவருதான் அந்த டாக்டரு.”