மெஷின் நின்ற ஒரு மணி நேரம்

"வேணும்னே பண்றாங்க பாரு," என்று பக்கத்தில் முழங்காலிட்டிருந்த செலினாவின் காதில் முணுமுணுத்தாள் ஆனந்தமேரி.

தவக்கால வெள்ளிக்கிழமை, மணி மூன்று. கச்சிராயபாளையத்தை ஒட்டிய அந்தச் சின்னக் கோயிலில், நற்கருணை முன்னால் ஒரு மணி நேரம் மௌன தியானம். யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்று சட்டம் போட்டவளே ஆனந்தமேரிதான்.

பக்கத்துக் களத்தில் மக்காச்சோளம் அடிக்கும் மெஷின் காதைப் பிளந்தது. பொறுத்துப் பார்த்தாள், முடியவில்லை. எழுந்து விறுவிறுவென்று களத்துக்கே போய்விட்டாள்.

"இன்னா சின்னராசண்ணே, ஒரு மணி நேரம் நிறுத்தி வச்சா குடியா முழுகிடும்?"

சின்னராசு தலைத்துண்டை அவிழ்த்தார். "வாடகை மெஷினும்மா. நாலு மணிக்கு வேற ஊருக்குப் போவணும். வானம் வேற மூடிக்கினு வருது. கதிரு நனஞ்சா யாவாரி தொட மாட்டான்."

"உள்ள நாப்பது பேரு ஆண்டவர்கிட்ட வேண்டிக்கினு இருக்கோம்ணே."

அவர் வானத்தைப் பார்த்தார். இன்னும் பாதி அடிக்காமல் கிடந்த குவியலைப் பார்த்தார். பிறகு டிராக்டர்காரரிடம் கையைக் காட்டினார். மெஷின் நின்றது.

"போய் நல்லா வேண்டிக்கங்கம்மா," என்றார்.

ஜெயித்த திருப்தியோடு திரும்பி வந்து முழங்காலிட்டாள். அப்படியொரு தியானம் அவளுக்கு வாய்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

நாலு மணிக்கு வெளியே வந்தால், மெஷின் கிளம்பிப் போயிருந்தது. சின்னராசுவும் அவர் மனைவி ஆண்டாளும் கதிர்களைக் கூடையில் அள்ளிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தார்கள். தூறல் விழ ஆரம்பித்தது.

ஆனந்தமேரி முந்தானையை இழுத்துச் செருகினாள். "செலினா, எல்லாரையும் கூப்புடு. கோயிலுக்குள்ளயே கொண்டாந்து கொட்டுவோம். சாமியாருகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

நாற்பது பேரும் களத்தில் இறங்கினார்கள். மழை வலுப்பதற்குள் கடைசிக் கூடையும் உள்ளே வந்துவிட்டது. பீடத்தடி வரைக்கும் கதிர்தான்.

"நாளைக்கி நாங்களே உக்காந்து உதுத்துக் குடுக்குறோம்ணே," என்றாள் ஆனந்தமேரி.

சின்னராசு கையெடுத்துக் கும்பிட்டார். "நீங்க வேண்டிக்கினதாலதாம்மா நாலு மணி வரைக்கும் மழ தாங்குச்சி."

அவளால் அவரை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

அந்த ஒரு மணி நேரமும் அவள் உருகி உருகிக் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: 'ஆண்டவரே, காஞ்சி கெடக்குற என் கரும்புக்கு இன்னிக்கே ஒரு மழ குடு.'