கையில் இருந்த ஒன்று

முந்நூற்றுப் பதின்மூன்றால் வகுத்தபோதும் மீதி வந்தது. எழுபத்தேழு.

அவள் பென்சிலைக் கீழே வைத்தாள்.

இனி வகுத்துப் பார்க்க எண் இல்லை. எதையும் விடக் கூடாதென்று இரண்டில் தொடங்கி அறுபத்தைந்து பகா எண்களையும் போட்டுப் பார்த்தாயிற்று. பன்னிரண்டு நாள், ஒரு முழு நோட்டு.

1,00,237 எதற்கும் மசியவில்லை. அது பகா எண்.

அப்படி இருக்கக் கூடாது.

எஸ்தர் டீச்சர் பகா எண்ணைக் கொடுக்க மாட்டார். மூன்றிலக்கப் பகா எண்கள் இரண்டைக் கையால் பெருக்கி, விடையை மட்டும் போனில் சொல்வார். அதை உடைப்பது இவள் பாடு. அடுத்த முறை இவள் கொடுப்பாள், அவர் உடைப்பார். கால்குலேட்டர் கூடாது. விடை கிடைக்கும்வரை போன் கூடாது. இருவரும் கணக்கு டீச்சராக ஓய்வுபெற்று, அவர் மகளோடு ஓசூருக்குப் போனதிலிருந்து இதுதான் ஏற்பாடு. பதினொரு வருடம்.

இவளுக்கு வேறு யாரும் போன் செய்வதில்லை. சிலிண்டர் கொண்டுவருகிறவரைச் சேர்த்தால் ஒருவர்.

டீச்சரே பெருக்கலில் பிசகியிருந்தால்? அவர் சொன்ன எண்ணோடு பத்து கூட்டிப் பார்த்தாள். ஏழால் வகுபட்டது. ஏழையெல்லாம் டீச்சர் சீண்டவே மாட்டார்.

நூறு கூட்டினாள். 1,00,337 உடைந்தது.

373 × 269.

கடைசியில் கூட்டும்போது பத்துகள் இடத்தில் பதிமூன்று வந்திருக்கிறது. மூன்றை எழுதிவிட்டு, கையில் இருந்த ஒன்றை மறந்துவிட்டார். இதற்காக ஆறாம் வகுப்புப் பிள்ளைகளைப் பெஞ்சு மேல் ஏற்றியவர்.

அவளுக்குப் பயமாக இருந்தது. போனை எடுத்தாள்.

"கண்டுபிடிச்சிட்டேன் டீச்சர். எரநூத்தி அறுபத்தொம்பது, முந்நூத்தி எழுபத்திமூணு."

அந்தப் பக்கம் காகிதம் புரண்டது.

"கரெக்ட். பன்னெண்டு நாளாச்சு. திணறிட்டீங்க போல."

"ஆமா டீச்சர். இந்தத் தடவை ரொம்பக் கஷ்டம்."

"சரி, உங்க நம்பரைச் சொல்லுங்க."

ஆறிலக்கத்தில் ஒன்றைப் பெருக்கித் தயாராக வைத்திருந்தாள். அதைச் சொல்லவில்லை.

"தொண்ணூத்தி ஒண்ணு."

டீச்சர் இப்போது சிரிக்க வேண்டும். ஏழு பதிமூணு, என்ன கேலியா என்று திட்ட வேண்டும். திட்டிவிடு, திட்டிவிடு என்று அவள் மனசு அடித்துக்கொண்டது.

"கொஞ்சம் பெருசா இருக்கே டீச்சர்."

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"ரெண்டு நாள் டைம் குடுங்க. போட்டுட்டு நானே கூப்பிடறேன்."

கூப்பிடாமலே போய்விட்டால்?

"வேண்டாம் டீச்சர்," என்றாள். "பேப்பர் எடுங்க. இப்பவே போடுங்க. நான் லைன்லயே இருக்கேன்."