பாதுகாப்பு அம்சம்

கோவைத் தொழிற்கண்காட்சியில் பம்பு பூட்டும் இயந்திரக் கையைச் சுற்றி நல்ல கூட்டம். கோகிலவாணி என்ற தொழிலாளியின் கையசைவுகளை ஓராண்டு பார்த்துத்தான் அது வேலை பழகியது. பழகி முடித்த மறுநாளே அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவளுடைய சூப்பர்வைசர் சென்னியப்பனுக்குக் கோட்டு மாட்டி இங்கே கூட்டி வந்திருந்தார்கள்.

அவர் அருகில் போனதும் கை வேலையை நிறுத்திவிட்டு ஒடுங்கிக்கொண்டது.

"பாதுகாப்பு அம்சம்! ஆள் வந்தா தானாவே விலகிக்கும்!" என்று முழங்கினார் கம்பெனியின் ஆராய்ச்சித் தலைவர். ஆனால் அவரே ஒட்டி நின்றபோது அது பாட்டுக்குத் திருகாணி முடுக்கிக்கொண்டிருந்தது.

சென்னியப்பனுக்குப் புரிந்துவிட்டது. பின்னால் போய் நின்று, "ஏம்புள்ள, கோலமா போட்டுட்டு இருக்கறே?" என்று அவர் கத்தும்போதெல்லாம் கோகிலவாணி இப்படித்தான் ஒடுங்குவாள்.

"நான் ஒண்ணும் சொல்லலீங்க அம்மிணி. நீங்க செய்யுங்க" என்றார் அந்தக் கையிடம் மெல்ல. அவளிடம் ஒருநாளும் காட்டாத மரியாதை அது. குரல் கேட்டதும் கை இன்னும் ஒடுங்கியது.

கூட்டம் கைதட்டியது.

"பிரமாதமுங்க!" என்றார் தலைவர். "நாலு நாளும் நீங்க இங்கயே நின்னுக்குங்க. ஆளுக வர்றப்பெல்லாம் ஒருக்கா கிட்டப் போனீங்கன்னா போதும்."