இரவல் கரண்ட்

"சொகுசு வண்டியில ஊர் சுத்தறவனுக்கு சாவு வூட்டுக் கஷ்டம் எங்க தெரியும்?"

பாரூர் ஏரிக்கரையில் கூடியிருந்தவர்கள் இப்படித்தான் பேசினார்கள். சௌந்தரராஜனின் காதில் விழ வேண்டும் என்றே கொஞ்சம் உரக்கப் பேசினார்கள்.

அவர் ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காருக்குப் பின்னால் மாட்டி இழுக்கிற வீட்டு வண்டி ஒன்றை வாங்கி, மனைவி பவளத்தோடு ஊர் பார்க்கக் கிளம்பியிருந்தார். கட்டில், அடுப்பு, மின்விசிறி எல்லாம் உள்ளேயே உண்டு. கரண்டுக்கு ஒரு பவர் ஸ்டேஷன் இருந்தது. சூட்கேஸ் அளவில் பேட்டரிப் பெட்டி, அவ்வளவுதான்.

முந்தைய நாள் அடித்த சூறைக்காற்றில் ஊரின் கரண்ட் கம்பங்கள் சாய்ந்துவிட்டன. வண்டியின் கூரையில் இருந்த சோலார் தகடும் பறந்துவிட்டது. ரோட்டின் குறுக்கே ஒரு புளியமரம் கிடந்தது. பைக் நுழையலாம், கார் நுழையாது. அந்த நேரம் பார்த்து ஊருக்குள் ருக்மணி அம்மாளின் உடல் ஃப்ரீசர் பெட்டியில் இருந்தது. கரண்ட் போனதும் ஃப்ரீசரும் நின்றுவிட்டது.

அந்த அம்மாளின் மகன் சிவராஜ்தான் கைகூப்பிக்கொண்டு வந்து நின்றான். மும்பையிலிருந்து தங்கை அனிதா வந்துகொண்டிருக்கிறாள், சாயங்காலம் ஆகிவிடும், அதுவரை பேட்டரிப் பெட்டியைக் கொடுத்து உதவ வேண்டும் என்றான்.

"முடியாது தம்பி."

"பெத்த அம்மா முகத்தைக் கடைசியா ஒருதரம் பாக்கணும்னு அழுவுது சார். அதுக்கோசரம்தான் கேக்கறேன்."

சௌந்தரராஜன் கதவை அகலத் திறந்து காட்டினார். உள்ளே பவளம் மூக்கில் குழாயோடு படுத்திருந்தாள். கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின் அந்தப் பெட்டியில்தான் ஓடிக்கொண்டிருந்தது. நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கிப்போகிற நோய். இனி வீட்டில் வைத்தே பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நாலு சுவரைப் பார்த்துக்கொண்டேதான் சாக வேண்டுமா என்று அவள் கேட்டதால் வந்த வண்டி அது. சொகுசு வண்டியின் லட்சணம் இதுதான்.

சிவராஜ் தலையைக் குனிந்துகொண்டு திரும்பினான்.

"குடுத்துடுங்க" என்றாள் பவளம்.

அவர் திடுக்கிட்டுப் பார்த்தார்.

"சின்ன சிலிண்டர் இருக்குல்ல? சாயங்காலம் வரைக்கும் எப்படியாவது ஓட்டிக்கிறேன். எங்கம்மா செத்தப்ப நான் போய்ச் சேர்றதுக்குள்ள எடுத்துட்டாங்க. சுடுகாட்டுல சாம்பலைத்தான் பாத்தேன். அந்தக் கதி இந்தப் பொண்ணுக்கு வேணாங்க."

அவர் கெஞ்சினார், கோபித்தார். அவளிடம் எதுவும் எடுபடவில்லை. கடைசியில் பெட்டியைத் தூக்கிக் கொடுத்தார். ஃப்ரீசரைத் தவிர வேறு எதையும் இதில் மாட்டக்கூடாது என்று ஒன்றுக்கு இரண்டு தடவை சொன்னார்.

"எங்கம்மா மேல சத்தியம் சார்" என்றான் சிவராஜ்.

அதன் பிறகு அவருக்கு ஒரே வேலைதான். சிலிண்டரின் முள்ளைப் பார்ப்பார், அவள் உதட்டைப் பார்ப்பார். முள் இறங்கிக்கொண்டே இருந்தது. காற்றைக் குறைத்து வைத்தார். உதடு நீலம் பூத்ததும் பயந்துபோய் மறுபடி கூட்டினார். இரவல் கேட்டவன்மேல் வந்த கோபத்தைவிட, கொடுக்கச் சொன்னவள்மேல்தான் அவருக்குக் கோபம் அதிகமாக வந்தது.

வெயில் சாயும் நேரத்தில் ஊருக்குள்ளிருந்து மைக் சத்தம் கேட்டது. அம்மையாருக்கு அஞ்சலி செலுத்த வரும் ஒன்றியச் செயலாளர் அவர்களை வருக வருக என்று யாரோ வரவேற்றுக்கொண்டிருந்தார்கள்.

பவளத்தின் முகம் தெளிந்தது.

"மைக் போடறாங்க. மரத்தை எடுத்துட்டாங்க போல, ஜெனரேட்டர் வந்திருக்கும். நம்ம பெட்டியை வாங்கிட்டு வந்துடுங்க."

சௌந்தரராஜன் ஓடினார்.

மரம் கிடந்த இடத்திலேயே கிடந்தது. ஜெனரேட்டர் எதுவும் வரவில்லை. பந்தலுக்குக் கீழே அவருடைய பெட்டி இருந்தது. அதிலிருந்து ஒரு ஒயர் மைக் செட்டுக்குப் போனது. இன்னொன்று ஃபிளெக்ஸ் போர்டைச் சுற்றி எரிந்த சீரியல் பல்புகளுக்குப் போனது. போர்டில் செத்துப்போன அம்மாவைவிட சிவராஜ் பெரிதாக இருந்தான். ஃப்ரீசரின் பிளக் மண்ணில் கிடந்தது.

பந்தலில் இருந்தவர்கள் மூக்கைத் துணியால் பொத்தியிருந்தார்கள். ஊதுபத்திகளைக் கட்டுக்கட்டாகக் கொளுத்தியிருந்தார்கள். ருக்மணி அம்மாளின் முகத்தைக் கோடித்துணியால் முழுசாகச் சுற்றியிருந்தார்கள். பயணப் பையைக்கூடத் தோளிலிருந்து இறக்காமல் அனிதா தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"தங்கச்சி வந்துடுச்சு சார். ஆனா முகம் பாக்கற மாதிரி இல்ல, தொறக்க வேணாம்னு பெரியவங்க சொல்லிட்டாங்க" என்றான் சிவராஜ், குரலைத் தாழ்த்தி. "எல்லாத்தையும் ஒண்ணா மாட்டுனா பெட்டி கத்துது. ஒன்றியம் வர்ற நேரத்துல மைக்கு, லைட்டு இல்லன்னா ஊருக்குள்ள எனக்கு என்ன மரியாதை சார்?"

சௌந்தரராஜன் ஒயர்களைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தார். மைக் பாதிப் பேச்சில் நின்றது.

"சாவு வூடுன்னுகூடப் பாக்காம புடுங்கிட்டுப் போறான் பாரு. மனுசனா இவன்?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

வண்டிக்குள் சிலிண்டர் காலியாகியிருந்தது. பவளம் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்கு அல்லாடிக்கொண்டிருந்தாள். அவர் மெஷினைப் பெட்டியில் மாட்டினார். மெஷின் உறுமியது. பெட்டியின் திரையில் சார்ஜ் கடைசிக் கோட்டில் இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அவள் கண்ணைத் திறந்தாள்.

"ஜெனரேட்டர் வந்துடுச்சா?"

"வந்துடுச்சு."

"அந்தப் பொண்ணு... அம்மா முகத்தைப் பாத்துச்சா?"

"கண்ணாரப் பாத்துட்டா, பவளம்" என்றார் சௌந்தரராஜன், பெட்டியின் திரையை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு.